பதினோராம் தேதியும் ஒன்பது போன்களும்: திருப்பூர் வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு வரி ஆலோசனை அலுவலகம். உரிமையாளரையும் சேர்த்து ஒன்பது பேர். அவர் சி.ஏ. முடித்தவர் அல்ல, ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்தவர். ஆனால் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் ஆடிட்டர்தான். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பார்ட்டிகள் (வாடிக்கையாளர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறத்தாழ 140 பேர்: நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் செய்பவர்கள், உள்நாட்டு பனியன், டி-ஷர்ட் வியாபாரிகள், கொஞ்சம் நூல் கடைக்காரர்கள்.

நான் பக்கத்து ஊரில் இதே தொழிலில் இருப்பவன், அவருக்குப் பழைய நண்பன். 2023 ஆகஸ்டில் நடந்த ஒரு தவறுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். அதிலிருந்து 2024 மார்ச் வரை நடந்ததை எழுதியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தத் தொழிலின் மாதம் எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மாதாந்திரப் பார்ட்டிகளின் விற்பனை பில்களை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ரிட்டர்னில் ஏற்ற வேண்டும். 14-ம் தேதி, வாங்கியவர் பெயரில் ஏறிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் உருவாகும். 20-ம் தேதிக்குள் 3பி என்ற சுருக்க ரிட்டர்னைப் போட்டு வரி கட்ட வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்களுக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ம் தேதியும் 22-ம் தேதியும். ஆக, மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கெடு கழுத்தில் இருக்கும்.

2020-க்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒரு பையன் மஞ்சப்பையில் பில் ஃபைலைப் போட்டுக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறக்கிவிட்டுப் போவான். ஊரடங்கு வந்ததும் எல்லோரும் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் பழகினார்கள். ஊரடங்கு போனது, வாட்ஸ்அப் நிலைத்துவிட்டது. அதுவும் அலுவலக எண்ணுக்கு இல்லை. எந்தப் பார்ட்டியை எந்த ஊழியர் பார்க்கிறாரோ அவருடைய சொந்த எண்ணுக்கு. பில், சந்தேகம், திட்டு, தீபாவளி வாழ்த்து எல்லாம் ஒரே திரையில், குடும்ப குரூப்புக்கும் பள்ளிக்கூட குரூப்புக்கும் நடுவில்.

ஆகஸ்டில் நடந்தது

ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-1 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை இரவு ஏறியது. டி-ஷர்ட் பார்ட்டி ஒருவருக்குப் பெங்களூரில் இரண்டு வாடிக்கையாளர்கள். இருவர் பில்லும் வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து வந்திருந்தன. எண்ட்ரி போட்ட பெண் ஒருவரின் ஜிஎஸ்டி எண்ணை அடித்தார். அந்த நேரத்தில் வேறொரு பார்ட்டியின் அழைப்பு. பேசிவிட்டுத் திரும்பியவர், அடுத்த போட்டோவிலிருந்து பில் எண்ணையும் தொகையையும் எடுத்துப் போட்டுவிட்டார். இரண்டுமே 29-ல் தொடங்கும் கர்நாடக எண்கள், இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள். ஜிஎஸ்டி போர்ட்டல் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. எண் தப்பாக இருந்தால் அது கத்தும். சரியான எண், தப்பான ஆள் என்றால் அதற்கு எப்படித் தெரியும்?

14-ம் தேதி 2பி-யில் தன் பில் இல்லை என்று பெங்களூர்க்காரர் பார்த்தார். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, வழியில்லை. பில்லின் மதிப்பு 4,82,000 ரூபாய், 5 சதவீத வரி 24,100. "பில் ஏறட்டும், அப்புறம் அனுப்பறேன்" என்று அவர் வரித் தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டார். அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தினால்தான் உண்டு. நடுவில் ஒரு மாதம் பார்ட்டி ஆடிட்டரை நேரில் வந்து இரண்டு முறை திட்டினார். தொகை பெரிதில்லை, ஆனால் "போனைப் பாத்துக்கிட்டே பில் போட்டா இப்படித்தான்" என்று அவர் வாசலில் நின்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

எண்ட்ரி போட்டவர் அங்கே ஏழு வருடமாக இருப்பவர். விடுப்பு கேட்காமல் மூன்று நாள் வரவில்லை.

முதல் முயற்சி: பெட்டி

ஆடிட்டர் ஆகஸ்ட் 16-ம் தேதி பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டி வாங்கிவந்து வாசல் மேசையில் வைத்தார். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் போனை அதில் போட வேண்டும், ஐந்தரைக்கு எடுத்துக்கொள்ளலாம். சாவி அவரிடம். அவர் போன் மட்டும் அவர் கையில்.

பெட்டி மூன்று நாள் தாங்கியது. அது தோற்ற விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை எங்கே இருந்தது என்பதை முதலில் காட்டிக்கொடுத்ததே இந்தத் தோல்விதான்.

முதலில், பில்களே பெட்டிக்குள் மாட்டிக்கொண்டன. எண்ட்ரி போட உட்கார்ந்தால் போட வேண்டிய பில் பூட்டிய போனில் இருக்கிறது. கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம் என்று திறந்தார்கள். போன் போய்விட்டது, ஆனால் அதே செய்திகள் இன்னும் பெரிய திரையில், கணக்கு எழுதும் டேலி மென்பொருளுக்குப் பக்கத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்தன.

இரண்டாவது, ஓடிபி. தனிநபர் நிறுவனங்களின் ரிட்டர்னை ஃபைல் செய்யும்போது பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி வரும். அது தொழில் நடத்துபவரின் எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் 2017-ல் ஜிஎஸ்டி வந்த அவசரத்தில், பார்ட்டியைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று பல பேருக்கு அலுவலக ஊழியர்களின் எண்ணையே கொடுத்துவைத்திருந்தார்கள். எங்கள் தொழிலில் இது பரவலான கெட்ட பழக்கம், நானும் செய்திருக்கிறேன். அந்த எண்கள் இப்போது பெட்டிக்குள். ஒவ்வொரு ஓடிபிக்கும் சாவி கேட்டு எழுந்து போக வேண்டியிருந்தது.

மூன்றாவது நடந்தது வெள்ளிக்கிழமை. ஓர் ஊழியரின் மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் ஆடிட்டரிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு நான் போனைப் போட மாட்டேனுங்க சார்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் யாருமே போடவில்லை.

ஆகஸ்ட் 20 ஞாயிறு. கெடு நாள் ஞாயிறு என்றாலும் போர்ட்டலுக்குக் கணக்கில்லை. எல்லோரும் வந்து இரவு பதினொன்று வரை உட்கார்ந்தார்கள். ஓடிபி எண் யாரிடம் இருக்கிறது என்று தேடியதில் இரண்டு ரிட்டர்ன்கள் மறுநாளைக்குத் தள்ளிப் போயின. தாமதக் கட்டணம் நாளைக்கு 50 ரூபாய்தான், பெரிய விஷயமில்லை. ஆனால் அன்றைக்கு இரவு ஆடிட்டர் எனக்கு போன் செய்தார். "ஜாமர் வெச்சுடலாமான்னு பாக்கறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. தனியார் ஜாமர் வைப்பது சட்டப்படி கூடாது என்று சொல்லி, செப்டம்பர் கெடுவுக்கு நான் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

உட்கார்ந்து பார்த்ததில்

செப்டம்பர் 7, 8, 11 ஆகிய மூன்று வேலை நாட்கள் அங்கே இருந்தேன். செய்தது எளிய காரியம். எண்ட்ரி மேசை ஒன்றின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் ஒரு பில்லை முடிக்காமல் வேறெதற்காவது திரும்பும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு, பக்கத்தில் காரணம். யார் என்று குறிக்கவில்லை. அதை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆளை எண்ணினால் ஆள் மறைப்பார், காரணத்தை எண்ணினால் ஆளே சொல்லுவார்.

நான் எதிர்பார்த்தது ரீல்ஸ். ஆடிட்டர் எதிர்பார்த்ததும் அதுதான். 11-ம் தேதி காலை பத்து முதல் ஒரு மணி வரை ஒரே மேசையில் 47 கோடு விழுந்தது. அதில் பார்ட்டிகளின் செய்தி, அழைப்பு 13. வீட்டு விஷயம் 6. எந்தச் சத்தமும் இல்லாமல் கை தானாகப் போனை எடுத்தது 9. மீதி 19 அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்தவை. அந்த 19-ல் பெரும்பாலானவை ஆடிட்டருடையவை: "அந்த நூல் கடை முடிஞ்சுதா?", "பிரிண்டிங்காரருக்கு ஃபைல் ஆச்சா, ஸ்கிரீன்ஷாட் போடு", "எல்லாரும் எத்தனை முடிச்சீங்கன்னு குரூப்ல போடுங்க". உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு பத்தடி தள்ளி இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு மேசையில் ஒரு காலையில் எடுத்த கணக்கு இது. இதை வைத்து உலகத்துக்குப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் மற்ற இரண்டு நாளும் விகிதம் ஏறக்குறைய இப்படியேதான் இருந்தது.

ரீல்ஸ் இல்லாமல் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வந்தது, மாலை ஆறுக்கு மேல் இன்னும் அதிகம். எப்போது என்று பார்த்தால், ஒரு பார்ட்டியிடம் திட்டு வாங்கிய பின், அல்லது ஒரே பில்லை மூன்று முறை விட்டுத் திரும்பிய பின். விட்ட இடத்துக்கு உடனே திரும்ப மனம் வராமல் கை அங்கே போகிறது. அதைச் சோம்பல் என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். குறுக்கீடு வந்ததும் அவர்கள் வேகமாக வேலை செய்தார்கள், மெதுவாக அல்ல. தோளைத் தூக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இழந்த நேரத்தைப் பிடிப்பதுபோல. ஆடிட்டரின் வாதமும் இதுதான்: "வேலை நின்னுச்சுன்னா தப்புங்கலாம், எல்லாம் நேரத்துக்கு முடியுதே?" கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் என்பவர் குழுவோடு 2008-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. குறுக்கீடு பட்டவர்கள் வேலையை இன்னும் சீக்கிரமே முடித்தார்கள், ஆனால் அழுத்தமும் எரிச்சலும் அவர்களுக்கு அதிகமாக இருந்தன. நேரத்தை மட்டும் பார்த்தால் நஷ்டம் கண்ணில் படாது. ஆடிட்டரிடம் அதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மதியம் சாப்பிடும்போது மூத்த ஊழியரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். "ராத்திரி பத்தரைக்கு மேல பார்ட்டி மெசேஜ் போடறாங்க சார். பாக்காம படுத்தா மனசு கேக்கல, பாத்துட்டுப் படுத்தா தூக்கம் வரல" என்றார் அவர். அவருக்கு அலுவலகத்தில் சேர்ந்து பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தது அதுவே முதல் முறை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நோட்டை ஆடிட்டரிடம் காட்டியது 11-ம் தேதி இரவு, எல்லோரும் போன பிறகு. 19 என்ற எண்ணை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல நான் எவ்வளவு?" என்றார். எண்ணிச் சொன்னேன். "வேற யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே காட்டினார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

செப்டம்பர் 23, சனிக்கிழமை. 20-ம் தேதிக் கெடு முடிந்து மூன்று நாள் கழித்து எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். கேள்வியை மாற்றிக்கொண்டோம். போனை ஆளிடமிருந்து எப்படிப் பிரிப்பது என்று கேட்பதை விட்டுவிட்டு, வேலையை ஆளின் போனிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று கேட்டோம்.

பில்கள் இனி யாருடைய சொந்த எண்ணுக்கும் வரக்கூடாது. அலுவலகத்துக்கென்று ஒரு எண், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். வரும் பில்களை ஒருவர் மட்டும் இறக்கி, பார்ட்டி பெயரில் இருக்கும் ஃபோல்டரில் மாத வாரியாகப் போடுவார். அந்த மேசைக்கு இன்வேர்டு என்று பெயர். எண்ட்ரி போடுபவர் ஃபோல்டரைத் திறந்து, பில்லைக் கணினித் திரையில் பார்த்துப் போடுவார், அரட்டைத் திரையில் தேடமாட்டார். ஆகஸ்ட் தவறு நடந்த இடமே அதுதான்: அடுத்தடுத்து ஓடும் போட்டோக்கள். பில் அனுப்பக் கடைசி நாள் 5-ம் தேதி. அலுவலக நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்கு, மறுநாள் காலை பார்ப்போம் என்ற தானியங்கிப் பதில்.

ஓடிபி எண்களை மாற்ற முடிவு செய்தோம். போர்ட்டலில் மொபைல் எண் மாற்றம் அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத வகைத் திருத்தம். சிரமம் அதில் இல்லை, ஒவ்வொரு பார்ட்டியையும் பிடித்துப் புது எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்குவதில்தான். 60-க்கு மேல் இருந்தது. முடிக்க நவம்பர் கடைசி ஆனது.

காலை பத்து முதல் பன்னிரண்டரை, பிற்பகல் இரண்டரை முதல் நான்கு வரை எண்ட்ரி நேரம். அப்போது போன்கள் பக்கத்து அறை அலமாரியில், பூட்டு இல்லாமல். எல்லோர் போனிலும் "தொந்தரவு செய்யாதே" போட்டு, வீடு, பள்ளி எண்களை மட்டும் விலக்கி வைத்தோம். ஆண்ட்ராய்டில் இன்னொரு வசதியும் உண்டு: அதே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படி வைக்கலாம். காய்ச்சல் சம்பவத்துக்குப் பிறகு இது இல்லாமல் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். மேசையிலேயே கவிழ்த்து வைத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போன் பக்கத்தில் இருப்பதே கவனத்தைக் கொஞ்சம் தின்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு எல்லா நேரமும் கிடைக்கவில்லை. அதனால் அதைச் சொல்லி நான் வாதாடவில்லை. எங்கள் காரணம் எளிது: அந்த 9 கோடுகள். எழுந்து நடந்தால்தான் கிடைக்கும் என்றால், கை தானாகப் போகாது.

ஆடிட்டர் போனும் அதே அலமாரியில். இதை அவரே சொன்னார். மீறினால் அன்றைக்கு எல்லோருக்கும் வடை அவர் செலவு.

அடுத்தது பலகை. சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, இடப்பக்கம் பார்ட்டி பெயர்கள், மேலே நான்கு கட்டம்: பில் வந்தது, எண்ட்ரி, சரிபார்த்தது, ஃபைல். முடித்தவர் எழுந்து டிக் போடுவார். "ஆச்சா?" என்று கேட்க வேண்டியவர் எழுந்து வந்து பலகையைப் பார்ப்பார். அந்த அலுவலக குரூப்பை ஆடிட்டர் எல்லோர் முன்னாலும் நீக்கினார்.

சில யோசனைகளை ஒதுக்கினோம். செயலிகளை முடக்கும் மென்பொருள், கேமரா, சம்பளப் பிடித்தம். மூன்றும் பெட்டியின் தம்பிகள்தான் என்று எனக்குத் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் யார் என்ன பார்த்தாலும் கேட்பதில்லை என்பதையும் முடிவாகவே எழுதிவைத்தோம்.

தொடர்ந்து நடந்தவை

அக்டோபர் நன்றாகப் போகவில்லை. பார்ட்டிகளுக்குச் செய்தி ஒரு வாரம் முன்புதான் போயிருந்தது. "பத்து வருசமா நான் அந்தப் பொண்ணுக்குத்தானுங்க அனுப்பறேன், இப்ப என்ன புதுசா?" என்று ஒருவர் கத்தினார். பாதிப் பேர் பழைய எண்ணுக்கே அனுப்பினார்கள். ஊழியர்கள் வாங்கி அலுவலக எண்ணுக்கு மாற்றி அனுப்பினார்கள், வேலை இரட்டிப்பானது. ஒரு பார்ட்டி வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்.

அதைவிட மோசமாகப் போனது இன்வேர்டு மேசை. எட்டுப் பேர் மேல் சிதறிக்கிடந்த தொந்தரவு முழுவதையும் வழித்து ஒருவர் தலையில் கொட்டியிருந்தோம். அலுவலகத்திலேயே வயதில் இளையவரை அங்கே உட்காரவைத்தது இன்னொரு தவறு. அக்டோபர் 11 அன்று மாலை அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு ஒரு பில்லாவது எண்ட்ரி போடக் குடுங்க சார், இது முடியல" என்று அழுதுவிட்டார். மற்றவர்களுக்கு அமைதியான காலை கிடைத்தது யார் செலவில் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மறுநாளே மாற்றினோம். இன்வேர்டு வாரம் ஒருவர், ஆடிட்டரும் முறை எடுப்பார். அழைப்புகளைக் காலை முதல் மாலை வரை எடுப்பதில்லை, பன்னிரண்டரை முதல் ஒன்று, நான்கு முதல் ஐந்து ஆகிய நேரங்களில் திருப்பி அழைப்பது. ஆடிட்டர் தன் முறை முடிந்த வாரத்தில்தான், 5-ம் தேதிக்கு மேல் பில் அனுப்புபவர்களிடம் கறாராகப் பேசத் தொடங்கினார்.

வடை அக்டோபரில் நான்கு முறை வந்தது. நவம்பரில் ஒன்று.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. ஜிஎஸ்டிஆர்-1 கெடு அதற்கு முந்தின நாள். சாதாரணமாக அந்த அலுவலகத்தில் இப்படி ஒரு மாதம் அமைந்தால் தீபாவளிக்கு முந்தின இரவு அங்கேயே போய்விடும். பார்ட்டிகளுக்கும் போனஸ், சரக்கு அனுப்புவது என்று தலைக்கு மேல் வேலை இருப்பதால் பில்லைக் கடைசியில்தான் தேடுவார்கள். அந்த முறை, "பண்டிகைக்கு மூடுகிறோம், 4-ம் தேதிக்குள் அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். 9-ம் தேதி மாலை பலகையில் பன்னிரண்டு பார்ட்டிகள்தான் பாக்கி. 11-ம் தேதி சனிக்கிழமை மதியம் அலுவலகத்தைப் பூட்டினார்கள். மூத்த ஊழியர் அன்று மாலை மகளுடன் கடைவீதியில் எடுத்த ஒரு போட்டோவை எனக்கு அனுப்பினார். அலுவலக நேரத்துக்கு வெளியே என்பதால் தப்பில்லை என்று கீழே எழுதியிருந்தார்.

தவறுகள் குறைந்தனவா? முந்தைய மாத பில்லைத் திருத்திய எண்ணிக்கையை மட்டும் குறித்துவந்தோம். ஆகஸ்ட் பில்களில் 11, அக்டோபர் பில்களில் 7, டிசம்பர் பில்களில் 3. நல்ல எண்தான். ஆனால் தீபாவளி முடிந்தால் உள்நாட்டு வியாபாரம் படுக்கும், பில்லும் குறையும். அதோடு பலகையில் "சரிபார்த்தது" என்று தனிக் கட்டம் வந்ததே ஒரு புது வேலை, முன்பு அது இல்லவே இல்லை. அதனால் அமைதியான காலைக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன்.

உடம்பு, மனசு விஷயத்தில் பதில் ஆளுக்கு ஆள் மாறியது. மூத்த ஊழியருக்கு இரவுச் செய்திகள் நின்றதும் தூக்கம் திரும்பியது. ஆகஸ்டில் தவறு செய்த பெண், மாலையில் வரும் தலைபாரம் குறைந்ததாகச் சொன்னார். ஓர் இளைஞருக்கு நேர் எதிர். பகலில் போனைத் தொடாத பாக்கியை இரவில் தீர்த்துக்கொள்வதுபோல வீட்டில் ஒரு மணி வரை பார்க்கிறேன் என்றார், காட்டவும் செய்தார். போன் பார்த்த நேரத்தைக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங் கணக்கில் அவருடைய மொத்த நேரம் குறையவே இல்லை, வேலை நேரத்திலிருந்து தூக்க நேரத்துக்கு இடம் மாறியிருந்தது. அவருக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. வீட்டில் என்ன செய்கிறார் என்று கேட்கும் உரிமை அலுவலகத்துக்கு இல்லை என்று விட்டுவிட்டோம். இப்போதும் அது சரிதான் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் கண்கள் சிவந்து வரும் காலைகளில் அந்த முடிவு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

மார்ச்சில் வழுக்கல். ஆண்டு முடிவு, அதுவும் 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. கடைசி இரண்டு வாரம் பலகையில் யாரும் டிக் போடவில்லை. பலகை பழையதாக இருந்ததால் ஆடிட்டர் மறுபடி கேட்கத் தொடங்கினார். அவர் கேட்டதால் யாருக்கும் எழுந்து டிக் போடத் தோன்றவில்லை. ஒரு புது குரூப்பும் முளைத்தது. ஏப்ரல் முதல் வாரம் நான் போனபோது மூத்த ஊழியர் அதை எனக்குக் காட்டினார். ஆடிட்டரிடம் சொன்னது நான் இல்லை, அவரேதான். குரூப் அன்றே போனது.

மறுபடி செய்வதானால்

பெட்டிக்கு முன்பு நோட்டு வந்திருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து கோடு போட்டிருந்தால் பெட்டி வாங்கியிருக்கவே மாட்டோம். பெட்டியால் போன நம்பிக்கையைத் திரும்பப் பெறவே செப்டம்பர் முழுக்க ஆனது. நோட்டைப் பிடிப்பவர் வெளியாளாக இருந்தது உதவியது. உள்ளே இருப்பவர் யாரும் அந்த 19-ஐ ஆடிட்டரிடம் காட்டியிருக்க முடியாது.

பார்ட்டிகளுக்கு ஒரு வாரம் போதாது. இரண்டு பில்லிங் மாதமாவது முன்பே, ஃபீஸ் ரசீதோடு அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பை வாட்ஸ்அப்பில் யார் படிக்கிறார்கள்? போன பார்ட்டி அதனால் போனாரா என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் போகும்போது அதைத்தான் சொன்னார்.

இன்வேர்டு மேசையை முதல் நாளிலிருந்தே சுழற்சியில் வைத்திருப்பேன். முதல் வாரம் ஆடிட்டர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓடிபி எண்களை மாற்றும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கியிருப்பேன். போன் விஷயத்தைத் தள்ளி வைத்தாலும், ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போனால் அவரோடு இருபது பார்ட்டிகளின் ஓடிபியும் போகும் என்பது ஏன் இத்தனை வருடம் யாருக்கும் பயமாக இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். என் அலுவலகத்திலும் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முப்பது பாக்கி.

மாலை ஆறு மணிக்கு மேல் வரும் சோர்வை நாங்கள் தொடவில்லை. அந்த நேரத்து ரீல்ஸுக்கு அலமாரி மருந்தல்ல. கெடு வாரத்தில் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்ப முடிந்தால்தான் அது தீரும். அதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும், ஆள் போட்டால் ஃபீஸை ஏற்ற வேண்டும். ஆடிட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்றார். இந்தக் கட்டுரை எழுதும் வரை போடவில்லை.

அலமாரியும் பலகையும் இப்போதும் இருக்கின்றன. அந்த இரும்புப் பெட்டியை டிஎஸ்சி டோக்கன்கள் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி குச்சிகள்) வைக்கப் பயன்படுத்துகிறார்கள். சாவி இப்போது மூத்த ஊழியரிடம்.